கெடா தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கில வகுப்பு: 2025 நாட்குறிப்பு

16 பிப்ரவரி, ஞாயிறு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிக்கு வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் பெரும்பாலும் மூன்றாவது மொழி. வீட்டிலும் வகுப்பிலும் தமிழ். அடுத்துக் கட்டாயப் பாடமான மலாய். அதற்குப் பிறகே ஆங்கிலம். வெள்ளியும் சனியும் விடுமுறையாக உள்ள இம்மாநிலத்தில் இன்று புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. கால அட்டவணையில் ஆங்கிலத்துக்குச் சில அரைமணிப் பாடவேளைகளே உண்டு. தேசியப் பள்ளியில் கிடைக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி. எட்ட வேண்டிய நிலையில் மட்டும் வேறுபாடில்லை. 2017 முதல் ஆங்கிலப் பாடத்திட்டம் சி.இ.எஃப்.ஆர். எனும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி அமைந்துள்ளது. ஆறாம் ஆண்டு முடிவதற்குள் ஏ2 நிலையை அடைய வேண்டும். அறிமுகமான விஷயங்களைப் பற்றி எளிய வாக்கியங்களில் கேட்கவும் பேசவும் படிக்கவும் எழுதவும் முடிவதே அந்த நிலை. பாதி நேரத்தில் அதே இலக்கு என்பது சிறு பிள்ளைகள்மேல் வைக்கப்படும் பெரிய சுமை.

24 பிப்ரவரி, திங்கள்

முதலில் கற்பது ஒலி. ஏ, பி, சி என்ற எழுத்து வரிசையைப் பிள்ளைகள் பாலர் பள்ளியிலேயே பாடிவிட்டு வருகிறார்கள். ஒலிப்பு முறைப் பாடம் அந்த வரிசையை விட்டுவிட்டு எஸ், ஏ, டி, பி என்று தொடங்கும். சில எழுத்துகளைக் கொண்டே பல சிறு சொற்களைக் கூட்டிப் படிக்கலாம் என்பது காரணம். ஆசிரியர் மூன்று அட்டைகளைக் கரும்பலகையில் இடைவெளி விட்டு ஒட்டி, ஒவ்வொன்றின் ஒலியையும் தனியே சொல்லவைக்கிறார். பிறகு அட்டைகளை நெருக்கி வைக்க, மூன்று ஒலிகளும் சேர்ந்து ஒரு சொல்லாகின்றன.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே சில தடைகள் உண்டு. சொல்லின் கடைசி மெய்யோடு உகரம் சேர்ந்து 'புக்கு', 'பெஞ்சு' ஆகிவிடும். 'ஸ்கூல்' என்பதன் முன்னால் இகரம் வந்து நிற்கும். தமிழில் ஒரே பகரம் P, B என்ற இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால் அவற்றில் குழப்பமும் வரக்கூடும். ஆனால் மலாய் வகுப்பில் அவ்விரண்டும் தனித்தனி எழுத்துகளாகவே வருவதால் அந்தக் குழப்பம் சீக்கிரமே தீர்கிறது. அதே மலாய் வேறோர் இடத்தில் தடுமாற வைக்கிறது. சி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளை மலாயில் 'சாட்' என்று படித்தால் சாயம். அடுத்த பாடவேளையில் அதுவே 'கேட்', பூனை. ஆறு வயதுப் பிள்ளை ஒரே காலையில் இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கிறதென்றால் அது சாதாரணக் காரியமல்ல.

20 ஏப்ரல், ஞாயிறு

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல், பாட்டும் கதையும் நடிப்பும் சேர்ந்த மொழிக்கலை: பாடத்திட்டத்தில் இந்த ஐந்தும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 'சூப்பர் மைண்ட்ஸ்', பிறகு 'கெட் ஸ்மார்ட் பிளஸ்', ஐந்தாம் ஆண்டில் 'இங்கிலீஷ் பிளஸ்' என மூன்றுமே வெளிநாட்டுப் பதிப்பகங்களின் நூல்கள். தன்னைப் பற்றிச் சொல்வது, வகுப்பறைப் பொருள்கள், விளையாட்டுச் சாமான், வளர்ப்புப் பிராணி, மதிய உணவு, வாரநாள், வீட்டின் அறைகள், உடை, உடல் உறுப்பு, கடற்கரை என்று பாடங்கள் விரிகின்றன. 'என்னிடம் இருக்கிறது', 'எனக்குப் பிடிக்கும்', 'என்னால் முடியும்' என்பனவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவதே அடிப்படை.

உணவுப் பாடத்தில் பட்டாணியும் மாட்டிறைச்சித் துண்டும் பாலாடைக்கட்டியும் வருகின்றன. வீட்டுப் பாடத்தில் நிலவறை வருகிறது. பீடோங் ஊர்ப் பக்கத்துத் தோட்ட லயத்துப் பிள்ளைக்கு நிலவறை என்றால் என்னவென்று படம் காட்டித்தான் விளக்க வேண்டும். இந்த நூல்கள் வந்தபோது உள்ளூர் வாழ்க்கை இவற்றில் இல்லை என்று எழுந்த குறை நியாயமானதே. நல்ல ஆசிரியர்கள் வாக்கிய அமைப்பை நூலிலிருந்து எடுத்துக்கொண்டு சொற்களை மாற்றுகிறார்கள்: நாசி லெமாக், தோசை, பால்மரம், கோயில் திருவிழா. பிள்ளை தான் தின்றதைப் பற்றிப் பேசும்போதுதான் வாய் திறக்கிறது.

8 ஜூலை, செவ்வாய்

ஹார்வர்ட், விக்டோரியா, பேடனாக், ஹென்ரியட்டா என்று கெடாவில் ரப்பர் தோட்டங்களின் பெயர்களே ஆங்கிலம். ஆனால் அந்த மொழி துரை பங்களாவோடும் கிராணி எனும் எழுத்தரின் அலுவலகத்தோடும் நின்றுவிட்டது. அக்காலத் தோட்டப்பள்ளிகள் தமிழில் எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்கும் சொல்லிக்கொடுத்தன. ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில் இருந்தன. அலோர் ஸ்டாரில் 1908-இல் தொடங்கிய அரசு ஆங்கிலப் பள்ளிதான் பின்னாளில் சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரி ஆனது. பால் வெட்டுபவரின் பிள்ளைக்கு அந்த வாசல் எட்டாத தூரம். இன்று எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருப்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

தூரம் முழுதும் குறைந்துவிடவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்தன. நகரத்துப் பள்ளிகள் நிறைய, தோட்டத்துப் பள்ளிகள் பல 150 பேருக்கும் குறைவான சிறுபள்ளிகளாக மெலிந்தன. மிகச் சிறிய பள்ளியில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்த நேர்கிறது. ஒரு பகுதி எழுதிக்கொண்டிருக்கும்போது மறு பகுதி பேசிப் பழகும். ஆள் குறைவு என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேச வாய்ப்புக் கிடைப்பது ஒரு நன்மை. ஆனால் மணி அடித்த பிறகு ஆங்கிலம் காதில் விழுவது நகரத்தில்தான் அதிகம். அதனால் தோட்டத்துப் பிள்ளைக்கு வகுப்பில் கேட்பதும் பேசுவதும் முதலிடம் பெற வேண்டும். பயிற்றுத்தாளை நிரப்புவதில் அந்த அரைமணி கரையக்கூடாது.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மேல் வகுப்பில் இறந்தகாலம் வருகிறது. 'யெஸ்டர்டே ஐ கோ டு பீடோங்' என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். மலாயில் நேற்றுக்கும் நாளைக்கும் வினை மாறாது, இரண்டுக்கும் 'பெர்கி'தான். ஆனால் தமிழில் 'போனேன்', 'போவேன்' என்று பிள்ளை மூன்று வயதிலேயே காலம் மாற்றிப் பேசுகிறது. அந்த அறிவைத் தட்டி எழுப்பினால் இலக்கணம் பாதி புரிந்துவிடும். ஆங்கில வகுப்பில் தாய்மொழியே கூடாது என்ற கெடுபிடி இந்த உதவியைப் பறித்துவிடுகிறது. பெயருக்கு முன்னால் வரும் 'ஏ', 'தி' இரண்டும் தமிழிலும் மலாயிலும் இல்லாதவை. அவை பழக ஆண்டுகள் ஆகும்.

ஆங்கிலத்தை வளர்க்கவென்று கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் கொள்கை 2003-இல் வந்து, 2009-இல் கைவிடுவதாக அறிவிக்கப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டமாக அது மறுபடி சில பள்ளிகளில் நுழைந்தது. தமிழ்ப்பள்ளிகளில் தமிழின் இடம் சுருங்கும் என்ற எதிர்ப்பு அப்போது வலுவாக எழுந்தது. பின்னத்தைப் புரிந்துகொள்ளாத பிள்ளை அதைத் தெரியாத மொழியில் கேட்டால் இரண்டையுமே இழக்கும். ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்திலேயே வளர்ப்பதுதான் சரி.

9 நவம்பர், ஞாயிறு

ஆறாம் ஆண்டில் எழுதப்பட்டுவந்த யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை தேர்ச்சி நிலை தரப்படுகிறது. நான்காம் ஆண்டு முதல் ஆண்டிறுதிச் சோதனையும் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர் நண்பருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார். படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறார். சிறு பத்தியைப் படித்து விவரம் எடுக்கிறார். பேச்சில் காரணம் கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் தருகிறார். அடுத்து இடைநிலைப்பள்ளி. மலாயில் போதிய தேர்ச்சி இல்லாதவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுப் படிவம் ஒன்றுக்குச் செல்வர். மற்றவர் நேரே செல்வர். அங்கே ஆங்கில இலக்கு பி1 நோக்கி நகர்கிறது. வகுப்பில் தமிழில் பேசி உதவ ஆள் இருப்பது அரிது.