சுமை இறக்காத பாதை

ஒரு பழைய வழியைப் பற்றிச் சொல்லும்முன் அதில் கொஞ்சம் நடக்கவைக்க வேண்டும். ரொறன்ரோவில் ஹம்பர் ஆற்றோரம் ஆட்களைக் கூட்டிப்போகும்போது, முன்னுரை இல்லாமல் பேபி பொயின்ற் மேட்டில் ஏறவைக்கிறேன். மூச்சு வாங்கும்போது கேட்பேன்: "இப்ப நெற்றியில வார் மாட்டி, முதுகில முப்பது கிலோ மூட்டையும் இருந்தால்?"

அதன்பிறகு சொல்வது மனதில் பதியும். ஹம்பர் ஆழமற்றது, பாறையும் நீரோட்டமும் மிகுந்தது, ஓடம் மேலேறாது. ஆகவே பூர்வகுடிகள் ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்து ஹொலண்ட் ஆறுவரை ஏறத்தாழ 45 கிலோமீற்றர் சுமந்து நடந்தார்கள். அங்கே மறுபடி ஓடமேறினால் சிம்கோ ஏரி, ஜோர்ஜியன் குடா, ஹியூரன் ஏரி. ஈரி ஏரியைச் சுற்றும் நெடும் பயணம் தேவைப்படாது.

மேட்டில் இன்று பெரிய வீடுகள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே இருந்தது தெயாயாகோன் என்ற, செனெக்கா பூர்வகுடி மக்களின் ஊர். 1999இல் எரிவாயுக் குழாய்க்குத் தோண்டியபோது ஒரு பெண்ணின் புதைகுழி வெளிப்பட்டது. மூஸ் மானின் கொம்பில் செதுக்கிய சீப்பு அவளோடு இருந்தது. சீப்பைப் பற்றிச் சொல்வேன், புதைகுழி இருந்த இடத்தைக் காட்டமாட்டேன். இடுகாட்டைக் காட்சிப்பொருளாக்குவது வழிகாட்டியின் வேலை அல்ல.

இலையுதிர்காலத்தில் ஓல்ட் மில் பக்கம் பெரிய சால்மன் மீன்கள் தடுப்பணையைத் தாவும். முதல் தாவலில் வழுக்கி விழும், ஒதுங்கி நின்று மறுபடி பாயும். "அந்தக் காலத்திலும் இதே மீன்தானே?" என்று யாராவது கேட்பார்கள். ஆமென்றால் கதை அழகாகும். ஆனால் உண்மை வேறு. அன்றைய அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஏரியில் அழிந்துபோனது. தாவுவது பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். எது பழையது, எது பிறகு வந்தது என்று பிரித்துச் சொல்வதே இந்தத் தொழிலின் நேர்மை.

அதே நேர்மை நிலக் கணக்கிலும் வேண்டும். 1787இல் பிரித்தானிய அரசு இங்கிருந்த மிசிசாகா பூர்வகுடி மக்களிடமிருந்து இந்த நிலத்தை வாங்கியதாகச் சொன்ன பத்திரத்தில் நிலத்தின் எல்லையே எழுதப்படவில்லை. 1805இல் திருத்தி எழுதியபோது 2,50,880 ஏக்கருக்குக் கொடுத்தது பத்து ஷில்லிங். 2010இல் கனடா அரசு 14.5 கோடி டொலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. இந்த எண்களைச் சொன்னபின் நான் உடனே நடக்கத் தொடங்குவதில்லை. கேட்பவர்கள் ஜீரணிக்க நேரம் வேண்டும்.

மிசிசாகா மக்கள் பழங்கதை அல்லர். இன்றும் ஒன்ராறியோவில் தங்கள் சமூகமாக வாழ்கிறார்கள். சொந்த நிலத்தைப் பிரிந்து இந்த நகரத்துக்கு வந்த நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆற்றோரம் ஒருநாள் நடந்து பாருங்கள். அதே நாளில் பூர்வகுடி வழிகாட்டி ஒருவர் நடத்தும் நடை இருந்தால், என்னுடையதை விட்டுவிட்டு அதற்குப் போங்கள். இந்தப் பாதையைப் பற்றிப் பேச முதல் உரிமை அவர்களுக்கே.