புல்மோட்டையில் பசியாறினேன்

திருகோணமலையிலிருந்து வடக்கே கடலோரமாகப் போகும் வீதியில் ஏறக்குறைய 55 கிலோமீற்றர் சென்றால் புல்மோட்டை வரும். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புடவைக்கட்டு என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். ஆறுகள் கடலில் விழும் இடங்களில் முன்பெல்லாம் 'பாதை' ஏறித்தான் அக்கரை சேர வேண்டியிருந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இன்று பாலங்கள் இருக்கின்றன. வேலைக்காக மாதம் ஒரு முறை நான் அங்கு போய் வருகிறேன். போகும்போதெல்லாம் என் மடியில் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சல் ஒன்று இருக்கும்.

"அங்க போய் ஒருத்தர் வீட்டிலும் சாப்பிடாதே பிள்ளை" என்பது அம்மாவின் கட்டளை. காரணத்தை அவர் சொல்வதில்லை. எனக்கும் கேட்கத் தேவையில்லை. முஸ்லிம் வீட்டுச் சட்டியில் மாட்டிறைச்சி வெந்திருக்கும் என்பதுதான் அது. இரண்டு வருடமாக நான் கருவாடு பதனிடும் பெண்கள் குழுவோடு காலை முழுவதும் இருந்து கதைத்துவிட்டு, பகல் சாப்பாட்டு நேரம் வந்ததும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி வாகனத்துக்குள் போய்ப் பார்சலைப் பிரிப்பேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது உணவு விலக்குகள் பற்றி நீண்ட கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பழக்கத்தை எனக்கே காட்டித் தந்தது, சகோதரிகளே, இஸ்ரேல் நாட்டிலிருந்து வந்த ஒரு குரல் பதிவு.

என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி, அங்கே ஹைஃபா என்ற நகரத்தில் வயோதிபப் பெண்ணொருவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்த வேலைக்காக அந்நாட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஹைஃபாவும் நமது திருமலை போல ஒரு துறைமுக நகரந்தான். மலையும் கடலும் அருகருகே. போன புதிதில் அவள் அனுப்பிய பதிவுகள் எல்லாம் சாப்பாட்டைப் பற்றியவை. உறைப்பில்லாத சாப்பாட்டைப் பற்றி அழுதவள், அந்த வீட்டுப் பாட்டி ஒரு நாள் பச்சைமிளகாய், கொத்தமல்லி இலை, உள்ளி மூன்றையும் சேர்த்து அரைத்துத் தந்த விழுதைச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தாள். அதற்கு 'ஸ்ஹூக்' என்று பெயராம். பாட்டி பிறந்தது யெமன் நாட்டில். 1949-50இல் அங்கிருந்து ஏறக்குறைய 49,000 யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் ஒரு குழந்தையாக வந்து, கூடார முகாமில் வளர்ந்தவர் பாட்டி. "முகாம் கதை சொல்லத் தொடங்கினா எங்கட ஆக்கள் மாதிரியேதான்டி" என்றாள் சிநேகிதி.

யெமன் வீட்டுச் சமையலில் 'ஜஹ்னூன்' என்று ஒன்று உண்டு. மாவை மெல்லிசாக இழுத்து, நெய் தடவிச் சுருட்டி, இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் விட்டுவிடுவார்கள். விடியும்போது அது மண்ணிறமாகி இருக்கும். துருவிய தக்காளியும் அவித்த முட்டையும் அந்தப் பச்சைமிளகாய் விழுதும் சேர்த்துச் சனிக்கிழமைக் காலையில் சாப்பிடுவார்கள். வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை வரை அவர்களது ஓய்வுநாள். அடுப்பு மூட்டக்கூடாது. ஆகவே முதல் நாளே ஏற்றி வைத்து, தானாக வேகும் சாப்பாடுகளை அந்தப் பெண்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கடலையை அவித்து எள்ளு விழுதோடு அரைக்கும் ஹம்முஸ், ஊறவைத்து அரைத்த கடலையை உருண்டையாக்கிப் பொரித்தெடுக்கும் ஃபலாஃபெல் எல்லாம் நமது நாக்குக்கு அந்நியமானவையல்ல. எள்ளுருண்டையும் கடலை வடையும் தின்று வளர்ந்தவர்கள் தானே நாம். ஹைஃபாவில் நல்ல ஃபலாஃபெல் வேண்டுமானால் வாதி நிஸ்னாஸ் என்ற அரபுப் பகுதிக்குத்தான் போக வேண்டுமாம். 1948 ஏப்ரலில் அந்த நகரத்து அரபு மக்களில் பெரும்பாலானோர் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. எஞ்சியவர்கள் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் அது முக்கியமானது. ஹம்முஸ் யாருடைய சாப்பாடு என்று இரு சாராரும் இன்றுவரை வாதாடுகிறார்கள். வாதாடிக்கொண்டே இருவரும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

இனி வைன் கதை. மது என்றதும் உங்களில் பலரின் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. கசிப்பு எத்தனை வீட்டு உலையைக் கவிழ்த்தது என்பதை என் வேலையில் நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்த வீட்டில் வைன் என்பது வெள்ளிக்கிழமை இரவு மேசையில் ஒரு கிண்ணம். அதன்மேல் பிரார்த்தனை சொல்லி, எல்லோரும் ஒவ்வொரு மிடறு குடித்து, பின்னல் போட்ட பாணைப் பிய்த்துப் பகிர்ந்த பிறகுதான் சாப்பாடு. ஹைஃபாவுக்குத் தெற்கே சிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரொத்ஷில்ட் என்ற பிரெஞ்சுச் செல்வந்தரின் பணத்தில் உருவான தோட்டங்கள் அவை. பாட்டியின் குடும்பத்தோடு ஒரு நாள் அங்கு போனபோது சிநேகிதிக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்து ரசம்போல இனிக்குமென்று நினைத்து ஒரே மிடறில் விழுங்கியவளுக்குத் தொண்டை வரை துவர்த்துவிட்டதாம்.

அவள் போன முதலாவது வெள்ளிக்கிழமை நடந்ததை எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னாள். மேசையில் திறந்திருந்த போத்தலை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றப் போயிருக்கிறாள். உதவியாக இருக்கட்டுமே என்ற எண்ணம். மருமகள் சட்டென்று எழுந்து போத்தலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மார்க்கத்தை இறுக்கமாகப் பின்பற்றும் யூத வீடுகளில், வேற்று மதத்தவர் கைபட்டு ஊற்றிய வைனைக் குடிப்பதில்லை. "கோபமாச் சொல்லேல்லையடி, சிரிச்சுக்கொண்டுதான் வாங்கினவா. ஆனா அண்டிரவு எனக்கு நித்திரை வரேல்லை" என்றாள். பாட்டியைக் குளிப்பாட்டுவது அவள் கை. ஊட்டுவது அவள் கை. போத்தலை மட்டும் தொட முடியாத கை.

அந்தச் சட்டத்திலேயே ஒரு வழியும் இருக்கிறது. சூடாக்கிய வைன் என்றால் யாரும் ஊற்றலாம். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாட்டி மகனிடம் சொல்லி அப்படிப்பட்ட போத்தலை வாங்குவித்திருக்கிறார். அதன்பிறகு வெள்ளி இரவுகளில் ஊற்றுவது சிநேகிதிதான்.

இந்தக் கதையைப் புல்மோட்டை போகும் வழியில், குச்சவெளி தாண்டும்போது கேட்டேன். கேட்டுவிட்டு, அந்த மருமகளை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு மடியிலிருந்த பார்சலைப் பார்த்தேன்.

அது 2025 செப்டெம்பர் மாதம். ஊருக்குள் நுழையும்போதே கரிய மணல் தெரியும். இல்மனைட் என்ற கனிமம் நிறைந்த மணல் அது. 1957 முதல் இந்த மணலுக்காகவே ஒரு கூட்டுத்தாபனம் இயங்கி வந்தது, இப்போது அது அரசுக்குச் சொந்தமான கம்பனி. கறுப்பு மணலிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டுதான் வெள்ளைப் பெயின்ற் செய்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. நெத்தலி உலர்த்தும் பெண்களுக்கோ அந்த மணல் வில்லங்கம். கருவாட்டில் ஒட்டிக்கொண்டால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். நிலத்தில் பரப்பாமல் தட்டி கட்டி உலர்த்தப் பழக்குவதுதான் எங்கள் வேலை. பக்கத்தில் அரிசிமலை என்று ஒரு கரை இருக்கிறது. அங்கே மணல் அரிசி மணிகள் போலவே இருக்கும். அள்ளினால் உலையில் போடலாம் போலிருக்கும்.

குழுவின் தலைவி 2004 சுனாமியில் கணவனை இழந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை ராத்தா என்பார்கள், நானும் அப்படித்தான். பகல் ஆனதும் வழமைபோல் "தங்கச்சி, பசியாறிட்டுப் போங்களேன்" என்றார். இரண்டு வருடமாகக் கேட்கும் கேள்வி. "சரி ராத்தா" என்றேன். அவர் ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு உள்ளே போய், மேல் தட்டிலிருந்து ஒரு மண்சட்டியை இறக்கிக் கழுவத் தொடங்கினார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"இது ஒங்களுக்கெண்டு வாங்கின சட்டி. இதுல மாடு ஆக்கினதே இல்ல" என்றார், என்னைப் பார்க்காமலே. "எப்ப வாங்கினீங்க?" என்றேன். "நீங்க வந்த முதல் மாசம்."

அன்று ஆக்கியவற்றைச் சொல்கிறேன். முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. சூரை மீன் புளியாணம். தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாயும் வெங்காயமும் மிதக்கும் பாலாணம். நாங்கள் சொதி என்பதை அவர்கள் பாலாணம் என்கிறார்கள். ஆணம் என்பது குழம்பைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல், அகராதியில் இருக்கிறது. நம் வீடுகளில் வழக்கொழிந்த அந்தச் சொல் இங்கே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் சொதியில் வெந்தயம் தூக்கலாக இருக்கும். ராத்தாவின் பாலாணத்தில் புளிப்பு முன்னுக்கு நின்றது. நண்டுக்கு மிளகும் உள்ளியும் தாராளம். கடைசியில் வட்டிலப்பம். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி, ஏலக்காய் நான்கும் சேர்ந்து அவிந்த அந்தப் பண்டத்தைப் பெருநாளுக்கு அயல் வீட்டிலிருந்து வந்ததாகச் சொல்லி முன்பு அலுவலகத்தில் தந்திருக்கிறார்கள். சூட்டோடு சாப்பிட்டது அன்றுதான்.

நண்டுச் சட்டியைப் படம் எடுத்தேன். யாருக்கு என்று ராத்தா கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் சிநேகிதிக்கு என்றேன். அந்த வீட்டில் நண்டு, இறால், கணவாய் எதுவுமே சேர்ப்பதில்லை. செதிலும் செட்டையும் உள்ள மீன் மட்டுந்தான். கடற்கரையில் பிறந்தவள் ஏங்கிப்போயிருக்கிறாள் என்று நானாகவே சொல்லிக்கொண்டு போனேன். "எந்த நாடு?" என்றார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "இஸ்ரேல்" என்றேன்.

அகப்பை அப்படியே நின்றது. அதற்கு முந்திய மாதந்தான் காஸாவில் பஞ்சம் நிலவுவதை ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் அமைப்பு உறுதிப்படுத்தியிருந்தது. ராத்தாவின் கைபேசியில் வெறும் சட்டியை நீட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் படங்களைக் காலையில் அவரே எனக்குக் காட்டியிருந்தார். 2023 ஒக்டோபர் 7இல் அங்கு வேலை செய்த இலங்கையரும் கொல்லப்பட்டதும், 2025 ஜூனில் ஈரானின் ஏவுகணைகள் ஹைஃபாவில் விழுந்தபோது என் சிநேகிதியும் பாட்டியும் பங்கருக்குள் பாணும் ஹம்முஸும் வைத்துக்கொண்டு இருந்ததும் என் வாய்வரை வந்தன. நான் சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று நிறுத்துப் பார்க்கும் பேச்சாக அது போய்விடும். அந்த நாட்டுச் சாப்பாட்டை இங்கே எழுதும்போதும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

"அங்க புள்ளைகள் சோறில்லாம சாகுது" என்றார் ராத்தா. வெகுநேரம் கழித்து, "ஒங்கட சிநேகிதி என்ன செய்வா, அவவும் வயித்துக்குத்தானே போயிருக்கா" என்று சொல்லி, நண்டுச் சட்டியை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

எங்களோடு சாப்பிட இருந்த இன்னொரு பெண் தென்னமரவாடியைச் சேர்ந்தவர். புல்மோட்டைக்கு அடுத்திருக்கும் தமிழ்க் கிராமம் அது. 1984 டிசம்பரில் ஊர் முழுவதுமாக இடம்பெயர்ந்தபோது அவர் சிறுமி. முல்லைத்தீவுப் பக்கம் வளர்ந்து, அங்கேயே மணம் முடித்தார். 2009 ஏப்ரலில் காயப்பட்ட மகனோடு புதுமாத்தளனில் செஞ்சிலுவைக் கப்பல் ஏறினார். அந்த வருடம் பெப்ரவரி முதல் மே வரை அப்படிக் கடல்வழி கொண்டுவரப்பட்டவர்கள் ஏறக்குறைய 14,000 பேர். உங்களில் சிலரும் அதில் வந்திருப்பீர்கள். மார்ச்சிலிருந்து கப்பல் வந்து சேர்ந்த இடம் புல்மோட்டை. இந்திய மருத்துவர்களின் கள வைத்தியசாலை இங்கேதான் இருந்தது.

"25 வருஷத்துக்குப் பிறகு பிறந்த ஊருக்குக் கிட்ட வந்து இறங்கினன். ஆனா அது எந்த இடமெண்டே எனக்கு விளங்கேல்லை" என்றார். "அங்க உப்புப் போட்ட கஞ்சி. அதுவும் கடைசியில உப்பில்லை. இங்க இறங்கினதும் ஒரு பார்சல் தந்தவை. சோறு, பருப்பு, கருவாட்டுச் சம்பல். மகனுக்குத் தீத்திப்போட்டு மிச்சத்தை நான் திண்டன். ஆர் சமைச்சதெண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

ராத்தா எதுவும் சொல்லவில்லை. அவருடைய கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

பிரிக்காத பார்சலோடு திரும்பிப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பையும் வாழைக்காய்ப் பொரியலையும் இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். குழம்புக்கு என்ன பொடி போடுகிறார் என்று ராத்தா இரண்டு தரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டு அனுப்புவதாகச் சொன்னேன். வழியில் நண்டுப் படத்தைச் சிநேகிதிக்கு அனுப்பினேன். "பாவியடி நீ" என்று பதில் வந்தது.

இரவு அம்மாவிடம் குழம்புப் பொடி யார் கேட்டது என்று சொன்னேன். அம்மா பேசாமல் பாத்திரம் கழுவினார். இரண்டு நாள் என்னோடு அளவாகத்தான் கதைத்தார். அடுத்த மாதம் நான் புல்மோட்டைக்கு வெளிக்கிட்ட காலையில் மேசையில் இரண்டு பார்சல்கள் இருந்தன. பக்கத்தில், பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் இறுக்கி மூடிய வறுத்த பொடி.