பழைய வண்டியும் தொலைதூரப் பயணமும்

வளர்ந்த பிள்ளை நமக்கு அச்சமூட்டும் ஓர் ஆசையைச் சொல்லும்போது பெற்றோர் என்ன செய்வது? "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின் பிள்ளை திட்டத்தைக் கைவிடுவதில்லை, நம்மிடம் சொல்வதைத்தான் கைவிடுகிறான். ஆசிரியராக இருப்பவர்கள் இதைப் பலமுறை கண்டிருப்போம்.

இக்கேள்வியை அண்மையில் என்னிடம் கொண்டுவந்தவர் தேக்கா ஈரச்சந்தையில் காய்கறி வியாபாரம் செய்யும் ஒரு தந்தை. அவருடைய மகன் உயர்நிலைப் பள்ளியில் என்னிடம் தமிழ் படித்தவன். இப்போது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பணிபுரிகிறான். நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய 'யூட்' வண்டி ஒன்றை வாங்கிச் சீர்படுத்தி, நாட்டின் வடமேற்கில் இருக்கும் கிம்பர்லிப் பகுதிக்குப் போய்வர வேண்டும் என்பது அவன் ஆசை.

"பன்னிரண்டு வருஷத்து வண்டியாம் சார். இங்கன்னா எப்பவோ உடைச்சிருப்பாங்க. நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

'யூட்' என்பது நாம் பிக்கப் என்று அழைக்கும் வண்டிதான். முன்னே காரைப் போன்ற இருக்கை, பின்னே சரக்குத் தட்டு. அதன் பிறப்பைப் பற்றி ஆஸ்திரேலியர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் உதவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம். ஜீலாங் தொழிற்சாலையின் வடிவமைப்பாளர் லூ பேண்ட் உருவாக்கிய அந்த வண்டி 1934இல் விற்பனைக்கு வந்தது. விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தேக்காவுக்கு வரும் நம் வியாபாரிக்கு இத்தகைய வண்டியைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அவர் அஞ்சியது வண்டியின் வயதுக்கு.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் நடைமுறையில் உள்ளது. அது பத்தாண்டுக்குச் செல்லும். அதன்பின் அன்றைய விலைக்கேற்பப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் பதிவை நீக்க வேண்டும். இடநெருக்கடி மிகுந்த தீவில் வாகனங்களைக் கட்டுக்குள் வைக்க எழுந்த ஏற்பாடு இது. நாளடைவில் பத்து வயதான வண்டி என்றாலே கழிவு என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. முடிவது சான்றிதழின் ஆயுளே. எந்திரத்தின் ஆயுள் வேறு கணக்கு. அது பராமரிப்பைப் பொறுத்தது.

இதற்குச் சான்றாக அவரிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை வந்தடைந்தார்கள். 'ஆக்ஸ்ஃபோர்டு' என்று பெயரிட்ட வண்டி பின்னாளில் அட்லாண்டிக் கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவில் துருவேறிக் கிடந்தது. ஆர்வலர் ஒருவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மீட்டெடுத்தார். 2019 ஆகஸ்ட் 25ஆம் நாள் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, டிசம்பர் 14ஆம் நாள் இலண்டன் போய்ச் சேர்ந்தது. முதற்பயணத்தில் சென்ற டிம் ஸ்லெஸ்ஸர், 87 வயதில், மீண்டும் போக ஆயத்தமாக இங்கு வந்திருந்தார். உடல்நலம் குன்றியதால் அவர் பேரன் அந்த இருக்கையில் அமர்ந்தார். வண்டியை மீட்டெடுக்க முடிந்தது. மனித உடல்தான் இடம் தரவில்லை.

தந்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவங்க கூட மெக்கானிக் போயிருப்பான் சார். இவன் கூட யாரு போறா?" என்றார். சரியான கேள்வி. அதற்கு நான் விடை சொல்வதைவிட மகன் சொல்வதே முறை என்று தோன்றியது. வண்டியை எப்படித் தேர்ந்தெடுக்கிறாய், எப்படி ஆயத்தம் செய்கிறாய், கெட்டுப்போனால் என்ன செய்வாய் என்பதை உன் தந்தைக்குத் தமிழில் எழுது என்று கேட்டுக்கொண்டேன். கட்டுரைத் தாளில் 150 சொல்லைத் தாண்டப் பெருமூச்சு விட்ட மாணவன் அவன். இம்முறை ஆறு பக்கம் எழுதியனுப்பினான். தந்தையின் இசைவோடு அதன் சாரத்தைத் தருகிறேன்.

முதல் பகுதி வாங்குவது பற்றியது. வண்டியின் மேல் அடமானக் கடன் இருக்கிறதா என்பதை அரசாங்கப் பதிவேட்டில் சில வெள்ளி கட்டிப் பார்த்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் முடுக்கிப் பார்க்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அதன் குறை தெரியாது. அடிப்பகுதியில் படுத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் ஓடிய வண்டியை உப்பு உள்ளிருந்து அரித்திருக்கும். நான்கு சக்கர இயக்கத்தையும், மெதுவாக ஆனால் பெருவலிமையோடு இழுக்கும் தாழ் கியரையும் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்ததாம். சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டியபோது துரு பொரிபொரியாக உதிர்ந்ததால் விட்டுவிட்டான். இரண்டாவது, கீறல் விழுந்த வெள்ளை வண்டி. ஆனால் பன்னிரண்டு ஆண்டுப் பராமரிப்புச் சீட்டுகளும் கோப்பில் வரிசையாக இருந்தன. அதை வாங்கினான்.

இரண்டாம் பகுதி ஆயத்தம். இதில் அவன் கணக்குப் போட்டிருந்தான். டெர்பியிலிருந்து செல்லும் கிப் ரிவர் சாலை சுமார் 660 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி சரளைக்கல். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரையுள்ள தொலைவுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் வழியில் ஊர்கள் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் என்றால் 80 லிட்டர் வேண்டும். கரடான பாதையில் அதற்கும் மேல். ஆகவே கூடுதல் எரிபொருள். அடுத்து எடை. இத்தகைய வண்டி ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும். ஆனால் ஆட்கள், எரிபொருள், தண்ணீர், பின்தட்டின் கூடு, முன்னே பொருத்தும் இரும்புத் தடுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். கடையில் அழகாகத் தெரிபவற்றையெல்லாம் பூட்டினால் தண்ணீருக்கு இடமிராது. அதனால் அவன் வாங்கியவை குறைவு: இரண்டு மாற்றுச் சக்கரங்கள், காற்றடிக்கும் சிறு எந்திரம், புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் இடும் பலகைகள், இழுவைக் கயிறு, மாற்று பெல்ட், குழாய்கள். மணலில் சக்கரக் காற்றை 20 பவுண்டு அளவுக்குக் குறைத்தால் சக்கரம் அகன்று புதையாமல் ஓடும். கெட்டியான சாலை வந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தான்.

மூன்றாம் பகுதியைத்தான் தந்தை இருமுறை படித்தார். 1986 டிசம்பரில் அந்நாட்டின் கிரேட் சாண்டி பாலைவனத்தில் பதின்ம வயது இளைஞர் இருவரின் வண்டி மணலில் புதைந்தது. அவர்கள் வண்டியை விட்டு நடந்தார்கள், உயிருடன் திரும்பவில்லை. 'அப்பா, எது நடந்தாலும் நான் வண்டியை விட்டு நகரமாட்டேன். வானிலிருந்து தேடுபவர்களுக்கு மனிதனைவிட வண்டி எளிதில் தெரியும். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கும்' என்று மகன் எழுதியிருந்தான். கைப்பேசித் தொடர்பு இராது என்பதால் செயற்கைக்கோள் தொலைபேசியும், அபாயக் குறிப்பு அனுப்பும் சிறு கருவியும் எடுத்துச் செல்வான். தனியே அல்ல, இன்னொரு வண்டியில் வரும் நண்பர்களுடன் செல்வான். மழைக்காலத்தில் அச்சாலை அடைபடும் என்பதால் பயணம் வறண்ட ஜூலை மாதத்தில்.

தந்தை கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நிபந்தனைகள் சொன்னார். ரேடியேட்டரின் மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டுக்கும் மாற்று வேண்டும். கிளம்புமுன் ஒரு நாள் முழுக்கச் சுமையேற்றி நகரத்துக்கு அருகிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் இருக்குமிடத்தைச் சொல்ல வேண்டும். மூன்றும் அனுபவசாலி சொல்பவை. மகன் மூன்றுக்கும் இசைந்தான். அச்சம் முழுவதும் நீங்கியது என்று சொல்லமாட்டேன். இன்றும் அவர் மனைவி அப்பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இது: பிள்ளையின் ஆசையை எடைபோடாதீர்கள், ஆயத்தத்தை எடைபோடுங்கள். எண்ணும் கணக்கும் மாற்று வழியும் இல்லாத ஆசையை மறுக்க உங்களுக்கு உரிமையுண்டு. அவை இருக்குமானால், உங்கள் அனுபவத்தை நிபந்தனைகளாகத் தாருங்கள்.

ஆசிரியர்க்கும் ஒரு சொல். உணர்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னால் தடுமாறும் மாணவர் பலர், ஒருவரை இணங்க வைக்க வேண்டிய தேவை வந்தால் சொற்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அக்கடிதத்தில் பிழைகள் இருந்தன. நான் எதையும் திருத்தவில்லை. 'பொரிபொரியாக உதிர்ந்தது' என்ற தொடரை நான் கற்றுத்தரவும் இல்லை. அது அவன் வீட்டில் கேட்ட தமிழ். உயர்நிலை மூன்று மாணவர்க்கு இவ்வாண்டு 'என் பயணத்துக்கு அனுமதி கேட்டுப் பெற்றோருக்குக் கடிதம்' என்று தலைப்புத் தர எண்ணியிருக்கிறேன். எடை, தொலைவு, செலவு, ஆபத்து நான்கும் அதில் இருக்க வேண்டும்.