கஞ்சா மருந்தும் மனப்பதற்றமும்

கஞ்சாச் செடியின் வேதிப்பொருள்களுள் போதை தரும் டி.எச்.சி.யையும், போதை தராத சி.பி.டி.யையும் பிரித்தறியாமல், 'கஞ்சா மனநோய்க்கு மருந்து' என்று பொதுப்படப் பேசுவது நோயாளிகளுக்கு இழைக்கப்படும் அநீதியாகும். 2011இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிறர் முன் பேச நேர்ந்தாலே நடுங்கவைக்கும் சமூகப் பதற்றக் கோளாறு உடைய 24 பேரில் பாதிப் பேருக்கு 600 மில்லிகிராம் சி.பி.டி.யும், எஞ்சியோருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்துக் கேமரா முன் பேசச்செய்தபோது, மருந்து உண்டோரின் பதற்றம் கணிசமாகக் குறைந்தது. ஆயினும் ஒரே ஒரு வேளை கொடுத்த மருந்தில் கண்ட இம்முடிவு, மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்குச் சான்றாகாது. 83 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு, 2019இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியான கட்டுரையும், மனச்சோர்வு, பதற்றம், உளச்சிதைவு ஆகியவற்றுக்கு இவ்வேதிப்பொருள்கள் பயன்தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே கண்டது. குடும்பத்தில் உளச்சிதைவு நோய் கண்ட இளைஞருக்கோ டி.எச்.சி. அந்நோயையே தூண்டிவிடக்கூடும்.