சித்தப்பா இல்லாதவர்களுக்கு

நவம்பர் 5

எங்கள் இயற்பியல் துறை அறிவிப்புப் பலகையில் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி மட்டும்தான் மாறிக்கொண்டிருக்கும். கோடைக்கால ஆய்வு உதவித்தொகை என்று ஒன்று உண்டு என்பதே, படித்து முடித்துப் போன அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் தெரிந்தது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு மையம், சென்னை ஐஐடி போன்றவை தனியாகவும் ஆள் எடுக்கின்றன. அரசுக் கலைக் கல்லூரிக்காரர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 8

அம்மாவின் கேள்வி: "பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனி ஹாஸ்டல் இருக்கா?" அப்பாவின் கேள்வி: "அப்போ மே மாசம் ஜவுளிக்கடைக்குப் போக மாட்டியா?" இரண்டுமே நியாயமான கேள்விகள். பணம் தருவார்கள் என்றதும் அப்பா சமாதானமானார். அம்மா இன்னும் ஆகவில்லை.

நவம்பர் 12

'ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள்' என்று எழுத வேண்டும். அப்துல் கலாமில் தொடங்காத விண்ணப்பம் எங்கள் வகுப்பில் இருக்காது. எனக்கும் கை அங்கேதான் போனது. பிறகு அதை விட்டுவிட்டு, எங்கள் ஆய்வகத்தில் செய்யும் நியூட்டன் வளையங்கள் சோதனையைப் பற்றி எழுதினேன்.

பாடப்புத்தகப்படி வளையங்களின் நடுப்புள்ளி கருப்பாக இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அது வெளிச்சமாகத் தெரியும். லென்சும் கண்ணாடித் தகடும் தொடும் இடத்தில் தூசி புகுந்து துளி இடைவெளி விட்டுவிடுகிறது. எல்லோரும் மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் கருப்புப் புள்ளி வரைவோம். ஆனாலும் விடை சரியாக வருகிறதே, எப்படி? ஒரு வளையத்தின் விட்டத்தை வைத்து மட்டும் கணக்குப் போடுவதில்லை. இரண்டு வளையங்களின் விட்டங்களைத் தனித்தனியே வர்க்கப்படுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறோம். தூசியால் வந்த பிழை இரண்டு வர்க்கங்களிலும் ஒரே அளவில் இருப்பதால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தபோது தெரியாத இந்தத் தந்திரம், சோடியம் விளக்கடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிடிபட்டது. அதையே எழுதினேன். ஆர்வம் இருக்கிறது என்று தனியாக ஒரு வரி சேர்க்கவில்லை.

நவம்பர் 16

வானியற்பியலாளர் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1928 கோடையில் கல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறார். அந்தப் பிப்ரவரியில்தான் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ராமன் அவருக்குச் சித்தப்பா. என் சித்தப்பா லாரி ஓட்டுகிறார். சந்திரசேகரைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஆண்டே ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வந்ததற்கு அவர் மூளைதான் காரணம். ஆனால் ஆய்வகக் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தார். மற்றவர்களுக்கு இந்த விண்ணப்பம்தான் சித்தப்பா.

நவம்பர் 21

பரிந்துரைக் கடிதம் கேட்டு எங்கள் இயற்பியல் சாரிடம் போனேன். "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் சார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அறுபது பேர் வகுப்பில் என்னைப் பற்றித் தனியாக எழுத அவருக்கு என்ன தெரியும்? நடுப்புள்ளி விஷயத்தைச் சொன்னேன். ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போடச் சொன்னார். குனிந்து பார்த்துவிட்டு, "இருபது வருஷமா இதத் துடைக்கச் சொல்லிட்டிருக்கேன்" என்றார். கடிதத்தை அவரே எழுதினார்.

நவம்பர் 24

அனுப்பியாயிற்று. பல்கலைக்கழகத் தேர்வு மே வரை இழுக்கும் என்பதால், சேரும் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். விதிமுறைகளைப் படித்த சார் ஓரிடத்தில் நின்றார்: அந்த மூன்று கழகங்களின் திட்டத்துக்கு ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். அவருக்கும் இன்றுதான் தெரிந்தது.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்தேன். 'இரண்டாம் ஆண்டுக்காரர்கள் அடுத்த அக்டோபரிலேயே தொடங்குங்கள். கடிதத்துக்கு முன்கூட்டியே ஆசிரியரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள், மூன்றாம் ஆண்டு இயற்பியல்.'