மரீ பாஸ்டர் புழு வளர்த்த வசந்தங்கள்

அறிவியல் வரலாற்று நூல்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: 1865 முதல் 1870 வரை பட்டுப்புழு நோய்களை ஆராய்ந்த லூயி பாஸ்டர் அவற்றைத் தடுக்கும் வழியைக் கண்டறிந்தார். வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அந்த ஆய்வின் பெரும்பகுதி பாரிசின் ஆய்வுக்கூடத்தில் நடக்கவில்லை. தென் பிரான்சின் அலேஸ் நகருக்கு அருகே, மலையடிவாரத்தில், போன் ஜிஸ்கே என்னும் இடத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் நடந்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில் பாஸ்டர் அப்பகுதிக்கு வருவார். பட்டுக்கூடுகள் அறுவடையாகும் கோடைத் தொடக்கம் வரை தங்குவார். உடன் மாணவர்கள் இருந்தனர். மனைவி மரீயும் மகளும் இருந்தனர். மேற்கண்ட வாக்கியத்தில் அந்த வீடும் இல்லை, மரீயும் இல்லை.

செவென் மலைப்பகுதி மக்களுக்கு அக்காலத்தில் வசந்தம் என்றால் பட்டுப்புழு. மல்பெரி துளிர்க்கும் நேரம் பார்த்து முட்டைகளைப் பொரிக்க வேண்டும். முந்தினால் புழுக்கள் பட்டினி கிடக்கும். பிந்தினால் இலை முற்றிவிடும். முட்டைகளைச் சிறு துணிப்பைகளில் இட்டுப் பெண்கள் தம் உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உடற்சூட்டில் பொரிக்க வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். புழுவுக்கு வட்டாரப் பெயர் மன்யான். அதை வளர்க்கும் மனை மன்யனரீ. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள ஓர் அவுன்ஸ் முட்டையிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட புழுக்கள் வெளிவரும். அவை கூடு கட்டுவதற்குள் சுமார் ஒரு டன் இலையைத் தின்று தீர்க்கும். நான்கு முறை தோலுரித்த பின் வரும் இறுதிப் பருவத்தில் அவை இலை தின்னும் ஓசை ஓட்டுக்கூரையில் மழை விழுவது போலக் கேட்கும். அந்தச் சில வார உழைப்பில் வரும் பணத்தை நம்பியே பல குடும்பங்கள் ஆண்டு முழுவதும் கடன் வாங்கின. மல்பெரியை அவர்கள் பொன்மரம் என்று அழைத்தனர்.

அந்தப் பொன்மரத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நோய் பொய்யாக்கியது. 1853-இல் பிரான்சின் பட்டுக்கூடு விளைச்சல் சுமார் 26,000 டன்; 1865-இல் அது 4,000 டன்னாகச் சுருங்கியது. புழுவின் உடலில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள் தோன்றும். மிளகைக் குறிக்கும் வட்டாரச் சொல்லிலிருந்தே நோய்க்குப் பெப்ரின் என்று பெயர் வந்தது. நோயற்ற முட்டை தேடி இத்தாலி, துருக்கி, இறுதியில் ஜப்பான் வரை வணிகர்கள் போயினர். 3,500-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு பிரெஞ்சு செனட்டுக்குச் சென்றது. அலேஸில் பிறந்தவரும் பாஸ்டரின் ஆசானுமான வேதியியலாளர் ழான் பாப்திஸ்த் துமா, இதை ஆராயும்படி தம் மாணவரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் அதுவரை ஒரு பட்டுப்புழுவைக்கூடத் தொட்டதில்லை. 1865-இல் அவிஞ்ஞோன் நகரில் பூச்சியியலாளர் ஃபாபரைச் சந்தித்தபோது, ஒரு பட்டுக்கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று அவர் வியப்போடு கேட்டதைப் பிற்காலத்தில் ஃபாபர் பதிவு செய்திருக்கிறார்.

அந்த ஆண்டு ஜூனில் அலேஸ் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே தந்தை நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. பாஸ்டர் ஊர் சேர்வதற்குள் தந்தை இறந்துவிட்டார். செப்டம்பரில் இரண்டு வயது மகள் கமீய் இறந்தாள். மறு ஆண்டு பாஸ்டர் மீண்டும் அலேஸுக்குப் புறப்பட்டபோது, மரீ இரு மகள்களுடன் ஷாம்பெரி நகரில் தங்கினார். அங்கே பன்னிரண்டு வயது சிசீலுக்கு டைஃபாய்டு கண்டது. பாஸ்டர் ஒருமுறை வந்து பார்த்தார். மகள் தேறுவதாகத் தோன்றியதால் புழுக்களிடம் திரும்பினார். 1866 மே 23 அன்று அவள் இறந்தாள். மூத்த மகள் ழானை 1859-இலேயே இதே டைஃபாய்டு கொண்டுபோயிருந்தது. நான்கு பெண் குழந்தைகளில் எஞ்சியவள் மரீ லூயிஸ் ஒருத்தியே. சிசீலைப் புதைத்த பின் மரீ அந்த ஒரே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அலேஸ் வந்து சேர்ந்தார்.

துக்கம் நிறைந்த வீட்டுக்குப் பட்டுப்புழு எதையும் விட்டுக்கொடுக்காது. இளம்புழுவுக்கு இலையை மெல்லியதாக நறுக்கிப் போட வேண்டும். ஒரு நாளில் பல முறை உணவு வேண்டும். ஈர இலை ஆகாது. வாடிய இலையும் ஆகாது. எச்சமும் இலைக்காம்பும் சேர்ந்த படுக்கையை மாற்ற வேண்டும். அறையின் வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் ஆபத்து. தோலுரிப்புக்காகப் புழுக்கள் அசைவற்றுக் கிடக்கும்போது அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது. மரீயும் மரீ லூயிஸும் இவ்வேலையைக் கற்றுக்கொண்டு புழு வளர்ப்பவர்களாகவே மாறினர். இரவில், மாணவர்கள் ஓய்ந்த பிறகு, கணவர் சொல்லச் சொல்ல மரீ எழுதினார். கடிதங்கள், அகாதெமிக்கான அறிக்கைகள், குறிப்புகள் எனப் பல அவர் கையெழுத்தில் உருவாயின.

இவ்விடத்தில் வழக்கமான விவரிப்பு ஒரு கோடு கிழிக்கும்: கோட்டின் ஒரு பக்கம் ஆய்வு, மறு பக்கம் ஆய்வாளருக்கு வாய்த்த உதவி. பட்டுப்புழு ஆய்வின் தர்க்கத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் கோடு நிற்பதில்லை.

பெப்ரினின் சிக்கல் இதுதான். நுண்ணோக்கியில் தெரியும் நுண்துகள்கள் நோய்க்கு அடையாளம் என்பது பாஸ்டருக்கு முன்பே இத்தாலிய ஆய்வாளர்களுக்குத் தெரியும். ஆனால் முட்டையிலும் இளம்புழுவிலும் அவை கண்ணில் படாமல் போகலாம். நலமாகத் தோன்றும் முட்டை நோயைச் சுமந்திருக்கலாம். கூட்டுப்புழுவின் பிற்பருவத்திலும் அந்துப்பூச்சியிலும்தான் அவை பெருகித் தெளிவாகத் தெரிகின்றன. ஆகவே முட்டையைச் சோதிப்பதில் பயனில்லை, தாயைச் சோதிக்க வேண்டும் என்று பாஸ்டர் முடிவு செய்தார். ஒவ்வொரு பெண் பூச்சியையும் தனித்தனித் துணித்துண்டில் முட்டையிட விட்டு, பிறகு அதை உரலில் நீருடன் அரைத்து ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது. துகள் இருந்தால் முட்டைகளை எரித்துவிடுவது. முறை இவ்வளவு எளியது.

அதை மெய்ப்பிப்பது எளிதாக இருக்கவில்லை. ஒரு தாயின் முட்டைகள் நல்லவை என்பதற்குச் சான்று, அடுத்த வசந்தத்தில் அவற்றிலிருந்து வரும் புழுக்கள் நலமாகக் கூடு கட்டுவதுதான். அதற்கு ஒவ்வொரு தொகுதியையும் கலந்துவிடாமல் தனித்து வளர்க்க வேண்டும். புழு இறந்தால், நோயால் இறந்ததா, கவனக்குறைவால் இறந்ததா என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய அளவுக்கு வளர்ப்பு செம்மையாக இருக்க வேண்டும். இலையை நேரத்துக்குப் போடாத ஒரு நாள் போதும், ஓராண்டின் சான்று கெட்டுவிடும். ஆக, இங்கே புழு வளர்ப்பே பரிசோதனை. தட்டுகளைப் பார்த்துக்கொண்ட கைகள் சான்றை உருவாக்கிய கைகள்.

பாஸ்டரும் தொடக்கத்தில் வழி தவறினார். துகள்கள் நோயின் விளைவு, நோயின் காரணம் அல்ல என்று நெடுநாள் நம்பினார். மாணவர் ழெர்னே துகள் கலந்த இலையைப் புழுக்களுக்கு ஊட்டிச் செய்த சோதனைகள் அந்த நம்பிக்கையை அசைத்தன. 1867-இல்தான் அவர் கருத்தை மாற்றிக்கொண்டார். 1866-இல் பதினான்கு முட்டைத் தொகுதிகளின் தாய்ப்பூச்சிகளைச் சோதித்து, மறு ஆண்டு அவை ஒவ்வொன்றும் எப்படி விளையும் என்று எழுதி, உறையிட்டு முத்திரையிட்டு, சேன் இப்போலித் ஊரின் மேயரிடம் ஒப்படைத்தார். அடுத்த பருவம் முடிந்து உறையைப் பிரித்தபோது பன்னிரண்டு கணிப்புகள் பலித்திருந்தன. பெப்ரினைத் தவிர ஃபிளாஷெரி என்னும் வேறொரு நோயும் இருந்தது. அதைப் பிரித்தறிய மேலும் பல தட்டுகள், மேலும் பல வாரங்கள் தேவைப்பட்டன.

நுண்ணோக்கி நாட்டுப்புற மக்களுக்குக் கைவராது என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். அதற்குப் பாஸ்டர் அளித்த மறுமொழி புகழ்பெற்றது: தம் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதைச் சிரமமின்றிக் கற்றுக்கொண்டாள் என்றார். அச்சிறுமி மரீ லூயிஸ். மூன்று சகோதரிகளை இழந்த ஒரு குழந்தை நுண்ணோக்கியில் குனிந்து நோய்த்துகள் தேடியது, எவரும் மறுக்க இயலாத வாதமாக அவருக்குப் பயன்பட்டது. ஆயினும் வாதத்தில் அவளுக்குப் பெயர் இல்லை.

1868 அக்டோபர் 19 அன்று பாஸ்டருக்குப் பக்கவாதம் வந்து உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 45. மூன்று மாதங்களுக்குள், 1869 ஜனவரியில், நடக்கவே தடுமாறிய நிலையில் மீண்டும் தெற்கே பயணமானார். அவ்வசந்தத்தில் அவர் அமர்ந்த இடத்திலிருந்தே பரிசோதனைகளை நடத்தினார். மாணவர்களும் மனைவியும் அவருக்குக் கைகளாக இருந்தனர். பட்டுப்புழு நோய்களைப் பற்றிய அவரது இரு தொகுதி நூல் 1870-இல் வெளிவந்தது. அது பேரரசி யூஜினிக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

இதைக் கொண்டு மரீயை மறைக்கப்பட்ட மேதை என்று நிறுவ முயல வேண்டியதில்லை. கருதுகோள் அவருடையதன்று, தாய்ப்பூச்சியைச் சோதிக்கும் எண்ணமும் அவருடையதன்று. அவர் குறைப்பட்டுக்கொண்டதாகவும் பதிவில்லை. 1884-இல் தம் முப்பத்தைந்தாவது மணநாளன்று பிள்ளைகளுக்கு எழுதிய கடிதத்தில், சிந்தனையில் மூழ்கிய கணவரோடு அன்று தொடங்கிய வாழ்க்கை இன்றும் அப்படியே தொடர்கிறது என்ற செய்தியைத்தான் சொல்கிறார். அதைப் பெருமிதம் என்று படிக்கலாம், களைப்பு என்றும் படிக்கலாம். இரண்டுமாக இருக்கத் தடையில்லை. பாஸ்டரின் மாணவர் எமில் ரூ, அவருடைய ஒத்துழைப்பாளர்களில் சிறந்தவர் அவர் மனைவியே என்ற பொருள்படப் பின்னாளில் எழுதினார். அதை மரியாதை மொழியாகக் கொண்டு கடந்துவிடுவது வழக்கம். போன் ஜிஸ்கேவின் தட்டுகளை நினைவில் வைத்துப் படித்தால், அது ஒரு தகவல்.

எத்தனையோ முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைகளில், மனைவியின் பொறுமைக்கு ஒரு வரி இருக்கும். தரவுகளைத் தட்டச்சு செய்தவர், களப்பணியில் பெண்களிடம் பேசிப் பதில் வாங்கியவர், கையெழுத்துப் படியைத் திருத்தியவர் என்ற விவரங்கள் அந்தப் பொறுமை என்னும் சொல்லுக்குள் அடங்கிப்போகும். பொறுமைக்கு நன்றி சொல்வது சுலபம். ஆய்வுமுறை இயலில் அந்த வேலையைப் பெயரிட்டு எழுதுவது கடினம். எழுதினால், சான்று எப்படி உருவானது என்ற கேள்விக்கே விடை மாறும்.

பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தின் நிலவறைக் கல்லறையில் பாஸ்டரும், 1910-இல் மறைந்த மரீயும் துயில்கின்றனர். அதன் பதிகல் ஓவியங்களில் மல்பெரியும் பட்டுப்பூச்சியும் உண்டு. செவென் மலையின் பட்டுத்தொழில் நோயிலிருந்து தப்பினாலும் ஆசியப் பட்டின் போட்டியில் மெல்ல ஓய்ந்துபோயிற்று. ஆனால் அங்கே உருவான முறை ஓயவில்லை. இந்தியாவின் பட்டு முட்டை வித்தகங்களில் இன்றும் முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே முட்டைகள் உழவருக்குப் போகின்றன. பெப்ரின் துகள் தெரிந்தால் அந்த முட்டைகள் அழிக்கப்படுகின்றன. அரைப்பவர்களிலும் நுண்ணோக்கியில் குனிந்து பார்ப்பவர்களிலும் பெண்கள் பலர். உழவரின் ஓராண்டு வருமானம் அவர்கள் கண்ணின் கவனத்தைப் பொறுத்தது. பாடநூல் அம்முறையைப் பாஸ்டர் முறை என்று கற்பிக்கிறது. பெயர் சரியானதுதான், அந்தப் பெயர் மரீக்கும் உரியது என்பதையும் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம்.