கடற்கரைத் தூண்டிற்கோல்

தூண்டில் போடுகிறவனைச் சோம்பேறி என்று சொல்வது நம்மவர் வழக்கம். குளக்கரையில் மூங்கிற் கழியும் தக்கையுமாக உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவனைப் பற்றி அப்படிச் சொன்னால் நாம் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆனால், அலை மோதுகிற கரையில் முழங்காலுக்கு மேல் நனைந்து நின்று, ஈயக்குண்டையும் இரையையும் அலைகளுக்கு அப்பால் வீசி எறிகிற மனிதனை ஒரு முறை பார்த்தவர்கள் அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்வார்கள். கையும் தோளும் காலும் கண்ணும் ஒருங்கே வேலை செய்யும் வித்தை அது.

இந்த வித்தையில் இறங்க விரும்பும் வாலிபர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கோல் வாங்கலாம்?" என்பதே. வாத்தியாருக்கு இதில் என்ன தெரியும் என்று நேயர்கள் நினைக்கக்கூடும். கடலோர ஊரில் இருபது வருஷ வாசமும், விடுமுறை நாட்களில் கரையில் நின்று உப்புக் காற்றைக் குடித்த அனுபவமுமே நம் யோக்கியதாம்சங்கள்.

கோலைப் பற்றிப் பேசுமுன் ரீலைப் பற்றிப் பேசவேண்டும். ரீலின் குணத்தை அறியாதவன் கோலைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டிலே ஒரு சிறு பரீட்சை செய்து பாருங்கள். தையல் நூல் சுற்றிய கட்டை ஒன்றைப் பென்சிலில் கோத்துக்கொண்டு, நூலை வெடுக்கென்று இழுங்கள். நீங்கள் நிறுத்திய பிறகும் கட்டை நிற்காது. தன் பாட்டுக்குச் சுழன்று நூலைச் சிக்கலாக்கிவிடும். பிறகு அதே கட்டையை மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, நூலை மேல்நோக்கி இழுங்கள். கட்டை அசையாது, நூல் மட்டும் சுருள் சுருளாகக் கழன்று வரும். நீங்கள் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். கண்டு அசையாத ரீலின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்து ஆலை முதலாளியான ஆல்பிரெட் இல்லிங்வொர்த் என்பவர் 1905-ஆம் வருஷத்தில் இப்படிப்பட்ட ரீலுக்குப் பேட்டண்டு பெற்றார். நெசவாலையில் நூல் கழலும் விதத்தைப் பார்த்தே அவருக்கு இந்த யோசனை உதித்தது என்று சொல்வார்கள். நம் நெசவாளர் வீட்டு நாடாவுக்குள்ளும் தார் அசையாமல் இருக்க, ஊடை நூல் அதன் முனை வழியாகவே கழன்று வருகிறது. தினந்தோறும் ஆயிரம் கண்கள் பார்த்த காரியந்தான். ஒரு கண் அதில் வேறொன்றைக் கண்டது.

இனிக் கோலுக்கு வருவோம். நரம்பு சுருள் சுருளாகக் கழன்று வருகிறது என்றோம் அல்லவா? அந்தச் சுருள்கள் விரிந்தபடியே சிறிய வளையம் ஒன்றில் மோதினால் வேகம் குன்றிவிடும். ஆகையால் இத்தகைய ரீலுக்கான கோலில், ரீலுக்கு அடுத்த முதல் வளையம் பெரியதாகவும், ரீலைவிட்டுச் சற்று எட்டியும் இருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ள வளையங்கள் படிப்படியாகச் சிறுத்து, புனலைப் போலச் சுருளை ஒடுக்கி நுனிக்கு அனுப்ப வேண்டும். கண்டு சுழலுகிற ரீலுக்காகச் செய்த கோலில் வளையங்கள் சிறியனவாயும் அதிகமாயும் இருக்கும். அதை வாங்கிவந்து இந்த ரீலை மாட்டினால் இரண்டும் ஒத்துப்போகா. கடையிலேயே நரம்பைக் கோத்து, நுனியை ஒருவர் மெதுவாக இழுக்கச் சொல்லிப் பாருங்கள். கோல் வளையும்போது நரம்பு எங்கும் கழியை உரசாமல் வளைவை ஒட்டிப் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது நீளம். கடற்கரைக் கோல் பன்னிரண்டு, பதின்மூன்று அடி இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. நீண்ட கோல் எறிகையில் நுனியின் வேகம் கூடும் என்பது ஒன்று. கரையில் நாட்டி வைத்திருக்கும்போது உடைகிற அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கும் என்பது மற்றொன்று. ஆனால், நீளம் அதிகமானால் தூரமும் அதிகம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கோல் வில்லைப் போன்றது. வளைத்தால்தான் அதில் சக்தி சேரும். வளைக்கத் தோள்வலிமை இல்லாதவன் கையில் மிகவும் விறைப்பான கோல் வெறும் கழியே.

சில வருஷங்களுக்கு முன் நம் பழைய மாணவன் ஒருவன், துறைமுகத்தில் கூலிக்கணக்கு எழுதுகிறவன், ஒரு வருஷமாகச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு நம்மையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதினாலு அடியில் பளபளவென்றிருந்த ஒரு கோலை எடுத்து நீட்டினார்.

"இதைவிட உசத்தி கிடையாது, தம்பி. சீமைச் சரக்கு!" என்றார்.

மாணவன் முகம் மலர்ந்தது. "ஸார், இதையே வாங்கிவிடலாமா?" என்றான்.

நாம் பதில் சொல்லவில்லை. கோலின் அடிமுனையை அவன் அக்குளில் வைத்துக் கையை நீட்டச் சொன்னோம். ரீல் மாட்டும் இடம் அவன் விரல்களுக்கு அப்பால் அரை அடி தள்ளி நின்றது. நுனியைப் பிடித்துக்கொண்டு வளைக்கச் சொன்னோம். உச்சியில் ஒரு முழம் வளைந்தது. மற்றது உலக்கையாக நின்றது. பிறகு பன்னிரண்டு அடியில், கண்ணாடி இழையும் கார்பன் இழையும் கலந்த நடுத்தரக் கோல் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். கை எட்டியது, கோல் பாதிவரை இசைந்து வளைந்தது. விலையோ முன்னதில் பாதிக்கும் குறைவு. கடைக்காரருக்கு நம்மேல் கோபந்தான். மீதிப் பணம் அவன் தங்கையின் பள்ளிச் சம்பளத்துக்குப் போயிற்று என்று பின்னர் அறிந்தோம். இந்த விஷயத்தில் அறிவு என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று; குடும்பத்துப் பணப்பெட்டியையும் தொட்டது.

மூன்றாவது, எடை. கோலின்மேல், 100 முதல் 150 கிராம் வரை என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். இது ஈயக்குண்டும் இரையும் சேர்ந்த எடையைக் குறிப்பது. பெரிய இரையைக் கட்டுகிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கரைக்கும் முதல் மணல் திட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் மேயும் கிழங்கானைப் பிடிக்க இத்தனை ஆயுதம் வேண்டியதில்லை. 30 முதல் 60 கிராம் வரை எறியக்கூடிய பத்தடிக் கோல் போதும். வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஏற்றதும் அதுவே.

இங்கே அவசியம் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒரு நாள் மாலை, ஜனங்கள் நிறைந்த கரையில் ஒருவர் பலங்கொண்ட மட்டும் கோலை வீசியதைப் பார்த்தோம். மெல்லிய நரம்பு பட்டென்று அறுந்தது. குண்டு கடலுக்குப் போகாமல் பக்கவாட்டில் பறந்து, மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவியின் கூடையைத் துளைத்தது. இரண்டு சாண் தள்ளி அவளுடைய பேரக்குழந்தை உட்கார்ந்திருந்தது. கிழவி ஒன்றும் திட்டவில்லை. குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைக் கண்ட நமக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இதற்குப் பரிகாரம் சுலபமானது. பிரதான நரம்பின் முனையில் தடித்த முன்நரம்பு ஒன்றை முடிய வேண்டும். குண்டின் எடையில் ஒவ்வோர் அவுன்ஸுக்கும், அதாவது 28 கிராமுக்கும், பத்து ராத்தல் தாங்கும் நரம்பு என்பது விதி; நாலு அவுன்ஸ் குண்டுக்கு நாற்பது ராத்தல் நரம்பு. கோலின் நீளத்தைப்போல் இரு மடங்கு இருந்து, எறியும் சமயத்தில் கண்டின்மேலும் ஏழெட்டுச் சுற்று கிடக்க வேண்டும். நரம்பைப் பிடிக்கும் ஆள்காட்டி விரலுக்குத் தோல் உறை போட்டுக்கொள்வது நலம். இவ்வளவும் செய்த பிறகும், பின்னாலும் பக்கத்திலும் ஆள் இருந்தால் எறியாதவனே உத்தமன். கரை முதலில் அங்கே பிழைக்கிறவர்களுக்குச் சொந்தம், நாம் விருந்தாளிகள்.

கோல் செய்யும் பொருளின் கதையும் நாம் அறியவேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கைவினைஞர்கள் மூங்கிலைப் பிளந்து, சிம்புகளை ஒட்டி உயர்ந்த கோல்களைச் செய்தபோது, அவர்கள் நாடியது 'கல்கத்தா மூங்கில்' என்று பெயர்பெற்ற நம் தேசத்து மூங்கிலையே. பிறகு சீனத்து மூங்கில் அந்த ஸ்தானத்தைப் பிடித்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் கண்ணாடி இழை வந்தது. 1963-இல் இங்கிலாந்தின் பார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பலமிக்க கார்பன் இழை, அடுத்த பத்தாண்டில் தூண்டிற்கோலாயிற்று. கண்ணாடி இழை கனமானது. ஆனால் அடிபட்டாலும் தாங்கும். கார்பன் லேசானது, விறைப்பானது. ஆனால் கல்லில் மோதினால் பொறுக்காது. மேலும் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியிலோ, ஐப்பசி கார்த்திகை இடிமழையிலோ அதை உயர்த்திப் பிடிப்பது யமனுக்குக் கடிதம் போடுவதாகும்.

நெசவாலைக்காரர் தம் ஆலையிலிருந்து ரீலைக் கண்டெடுத்தார். பிரான்ஸ் தேசத்தில் கடிகார வேலைக்குப் பெயர்போன குளூஸ் என்னும் ஊரார், யுத்தம் முடிந்தபின் 'மிட்செல்' ரீலைச் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள். கையிலிருந்த தொழிலையே அவர்கள் புதுத் தொழிலுக்கு ஏணியாக்கிக்கொண்டார்கள். நம் நாட்டில் மூங்கில் உண்டு, தறி உண்டு, பம்பு கடைந்து பழகிய கோயம்புத்தூர்க் கைகள் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, அலையின் நிறத்தைப் பார்த்தே மீனின் இருப்பைச் சொல்லும் பரதவர் உண்டு. சீமைச் சரக்கு என்றவுடன் கைகூப்புவதும் சரியன்று. சீமைச் சரக்கு என்பதற்காகவே தூக்கி எறிவதும் சரியன்று. பிரித்துப் பார்த்து, ஏன் இப்படிச் செய்தான் என்று கேட்கிற பிள்ளைதான் நாளைக்கு அதைவிட நல்லதைச் செய்வான்.

ஆகவே, கோல் வாங்கப் போகிறவர்கள் விலைச்சீட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் கையை நீட்டி அளவு பாருங்கள், வளைத்துப் பாருங்கள், வளையங்களுக்குள் பஞ்சை இழுத்து, எங்கேனும் சிக்குகிறதா என்று பாருங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். மீன் அகப்பட்டாலும் சரி, அகப்படாவிட்டாலும் சரி, அப்படித் தேர்ந்த கோல் பல வருஷம் உழைக்கும்.